வாப்பா அடிமட்டம் வைத்துக் கீறிய றோட்டு

சாய்ந்தமருது
06.09.2025

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், வாப்பாவுக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், எனக்கு வாப்பாவைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கட்டார் வெயிலில் நீயும் மருமகன் ஹிஷாமும் வாடாமல் வதங்காமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் உம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கு என்று நீ சிரிப்பாய். போனை எடுத்தால் வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்கிறார் மகள், அவரைப் பற்றின கதையை அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. மருமகனின் கூட்டாளி முஸ்தாக் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் மாசிச் சம்பல் இரண்டு போத்தல், கீரிமீன் கருவாடு, மருமகனுக்கு உடுக்க மருதமுனைத் தறியில் நெய்த சாரன் ஒன்று, கூடவே ஒரு மண்ணிறக் கவரும் கொடுத்துவிடுகிறேன். சம்பலை உடனே திற, கவரை இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசித்த பிறகு திற.

நீ போன பிறகு ஊரின் மேற்குப் பக்கம் நிறைய மாறிவிட்டது. வயலோரத்தை நிரப்பி அபிவிருத்திப் பகுதி என்று பெரிய பலகை நட்டு, புதிய பஸ் நிலையம், சந்தைக் கட்டடம், பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி என்று வரிசையாக எழுப்புகிறார்கள். எல்லாம் சரி, அங்கே போய்ச் சேரத்தான் வழியில்லை. கடற்கரையில் இருந்து போகிற நம்முடைய பழைய றோட்டு தோணா வாய்க்கால் மதகடியில் இரண்டு தரம் வளைகிறதே, அந்த இடத்தில் ஒரு பஸ்ஸும் ஒரு மீன் லொறியும் எதிரெதிரே வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரைநாள் லீவு மாதிரித்தான். 2019இல் ஒருமுறை அளந்துவிட்டுப் போனார்கள், பிறகு நாட்டில் பெற்றோலுக்கே வரிசையில் நின்ற வருஷம் வந்தது, றோட்டைப் பற்றி யார் நினைத்தது. இப்போது திரும்பவும் உயிர் வந்திருக்கிறது, பாதிச் செலவு அரசாங்கம் போடுகிறதாம், மற்றப் பாதி ஒரு வெளிநாட்டு வங்கிக் கடன். அந்த வங்கிக்காரர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள், றோட்டுக்குக் காணி போகிற ஒவ்வொருவரும் மனம் ஒத்து எழுத்தில் சம்மதம் தரவேண்டும், ஒருவர் மாட்டேன் என்றாலும் பழைய வளைவையே கொஞ்சம் அகட்டித் தார் ஊற்றிவிட்டு மிச்சக் காசை வேறு மாவட்டத்துக்குத் திருப்பிவிடுவார்கள். இந்த மாதம் முப்பதாம் திகதி கடைசி நாள்.

இதற்காகப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், பெண்களும் வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னதால் நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். வந்த எஞ்சினியர் கனகரெத்தினம், கல்முனைப் பிள்ளைதான், நல்ல பொறுமைசாலி. அவர் சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டு, வளைவை அகட்டுவதென்றால் பெண்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு துண்டு போகும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். உன் வாப்பாவுக்குத்தான் வரைபடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே. முப்பத்தொரு வருஷம் கணக்குப் படிப்பித்த முத்தலிப் ஸேர் எழும்பினார், சேட்டுக்குள் இருந்து கோடு கீறுகிற அடிமட்டத்தை எடுத்தார், கூட்டத்துக்கு அடிமட்டம் கொண்டு போகிற மனுசனை நீ வேறெங்கும் காணமாட்டாய். ரெண்டு புள்ளிக்கு நடுவில நேர்கோடுதானே தம்பி ஆகக் கிட்டின தூரம், நீங்க ஏன் பாம்பு மாதிரிக் கீறி வச்சிருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே கடற்கரைப் பக்கம் ஒரு புள்ளி, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புள்ளி, பென்சிலால் ஒரே இழுவை. எஞ்சினியரும் குனிந்து பார்த்துவிட்டு, ஓம் ஸேர், இது நல்ல யோசனைதான், மதகையும் புதுசாக் கட்டலாம், ஆனா பதினொரு பேருட காணியில படுதே என்றார். அதுக்கென்ன, முதல் காணி நம்மடதான், ஓரத்தில ரெண்டு தென்னை போகும், நான் தாறன், மற்ற ஆக்களும் தருவாங்க என்று வாப்பா சொல்ல, சனம் கைதட்டினது நம்முடைய வளவுவரைக்கும் கேட்டிருக்கும். கனகரெத்தினம் சம்மதப் படிவத்தை எடுத்து காணி உறுதி இலக்கத்தைக் கேட்டு எழுதி, தன் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், ஸேர், இதில உங்கட பேர் இல்லையே, முத்தலிப் நுஸ்ஹா என்றெல்லோ கிடக்கு. பின்வரிசை முழுக்கச் சிரித்தது மகள், ஆகக் கூடச் சிரித்தது நான். நம்முடைய ஊரில் எந்த ஆம்பிளைக்குச் சொந்தமாக வீடிருக்கு, பிறந்தது உம்மாட வீடு, முடித்துப் போனது பெண்சாதிட வீடு, வயது போனால் மகள்ட வீடு. நிக்காஹ் அன்று தானே கையெழுத்து வைத்து உனக்கு எழுதிக் கொடுத்ததை மனுசன் கைதட்டலில் மறந்துபோனார்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். மற்றக் கிழமை நில அளவைக்காரர் வந்து சிவப்புப் பூசின கட்டைகளை அடித்தபோதுதான் விஷயம் விளங்கியது. தென்னை இரண்டும் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, உன் வீட்டு முன் மண்டபத்துக்கு நட்டநடுவில் கட்டை வருகிறது. வாப்பா நாடாவைக் கொண்டுவந்து மூன்று தரம் அளந்தார், மூன்று தரமும் அதே கணக்கு. கணக்குப் புத்தகத்தில் கோட்டுக்கு நீளம் மட்டும்தான், அகலம் இல்லை, றோட்டுக்கு நாற்பதடி அகலம் இருக்கு, அந்த அகலத்தைத்தான் உன் வாப்பா வரைபடத்தில் கீற மறந்திருக்கிறார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு விடை பிழை என்று சிவப்புப் பேனையால் வெட்டினவருக்கு அல்லாஹ் சிவப்புக் கட்டையால் வெட்டிக் காட்டினான் என்று நான் சொல்லிச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. நானும் அன்று பின்னேரம் மண்டபத்தைக் கூட்டப் போய், நீ மணப்பெண்ணாகக் குந்தியிருந்த மூலையைப் பார்த்து நல்லா அழுதுவிட்டேன், உனக்கேன் பொய் சொல்ல வேணும். கல்லும் சீமெந்துமாகச் சேர்த்துச் சேர்த்து எட்டு வருஷத்தில் கட்டி முடித்த வீடு அது.

அழுது முடித்த பிறகு உன் மாமியை நினைத்துப் பயம் வந்தது. மகனை முடித்துக் கொடுத்த வீட்டில் பாதியை றோட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஆசியா உம்மா கேள்விப்பட்டால் ஊருக்குள் நாம் தலைகாட்ட முடியுமா. கேள்விப்பட்டு ஓட்டோவில் வந்தே விட்டா. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் கட்டைகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சம்மந்தி, என்ட மகனுக்கு ரெண்டு அறை மிச்சம் இருக்கெலுவா, அது போதும், குசினியில மட்டும் கை வைக்க விடாதீங்க, அவன் சோத்துக்குத்தான் உங்கட வீட்டுக்கு வந்தவன் என்று சொன்னாவே பார். நான் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி ஆறிப்போய்த் திரும்ப ஊற்ற வேண்டி வந்தது. எஞ்சினியரும் குசினிக்கும் இரண்டு அறைக்கும் ஒன்றும் வராது, இப்போது நாங்கள் இருக்கிற பின்வளவுச் சின்ன வீட்டுக்கும் வராது, வருகிற நட்டஈட்டில் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்றுதான் சொல்கிறார்.

மற்றப் பத்துப் பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மிச்சம் நீ மட்டும்தான். ஆனால் இதை உன்னிடம் கேட்க உன் வாப்பாவுக்கு வாய் வரவில்லை. மகளுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறதும் ஒரு வாப்பாவா என்று ஒரு கிழமையாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், போனில் உன்னோடு மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் கதைத்தாரே தவிர இதைச் சொன்னாரா பார். கடைசியில் கரும்பலகை எழுத்தில் ஒரு கடிதம் எழுதினார், என் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டை நான் திரும்பக் கேட்க முடியாது, ஆகவே நேர்கோட்டு யோசனையை வாபஸ் வாங்குகிறேன் என்று. எஞ்சினியர் கந்தோரில் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தார். எனக்குச் சந்தோஷம்தான், வீடு தப்பியது என்று வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு சும்மா கேட்டேன், பழைய வளைவால ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு நிமிசம்தானே கூட, இதுக்கா இந்தப் பாடு பட்டீங்க என்று. பிறகு சொன்னார், சுல்பிகா, நான் அடிமட்டத்தை ஆஸ்பத்திரியில இருந்து வைக்கல்ல, நம்மட பழைய வீட்டு வாசல்ல இருந்துதான் வச்சன்.

கடற்கரையோரத்து அந்தப் பழைய வீட்டில் நாம் இருந்தபோது உனக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவிருக்காது. சுனாமியில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடினார், நான் அவருடைய சாரனைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மதகடி வளைவில் ஒரு உழவு இயந்திரம் குறுக்கே நின்றுவிட்டது, சைக்கிள்களும் சனமுமாக அதில் நெருக்குப்பட்டு நாங்கள் எப்படியோ மறுபக்கம் வந்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால் வந்த எல்லாரும் வரவில்லை மகள். அதில் வாப்பாவிடம் கணக்குப் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். இருபது வருஷமாக அவர் அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை கதைத்ததில்லை, கதைக்காமல் மனதுக்குள் அந்தக் கோட்டைக் கீறிக்கொண்டே இருந்திருக்கிறார். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கடிதத்தைக் கந்தோரில் கொடுக்கக் கால் போகவில்லை. கொடுத்தாயா என்று கேட்டார், ஓம் என்றேன், அது தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது. பொய்க்கு அல்லாஹ் மன்னிக்க வேணும்.

இப்போது கவரைத் திற. உள்ளே இரண்டு தாள் இருக்கு, ஒன்று வாப்பாவின் வாபஸ் கடிதம், மற்றது உன் பெயர் போட்ட சம்மதப் படிவம். என் மனதைக் கேட்டால், றோட்டு நேராகப் போகட்டும் என்றுதான் இப்போது சொல்கிறது, மண்டபத்துக்காக இன்னும் ஒருநாள் அழுவேன், அவ்வளவுதான். ஆனால் வீடு உன்னுடையது, நானோ வாப்பாவோ சொன்னதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம், மருமகனோடும் கதைத்து, இரண்டில் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு மற்றதை அனுப்பு. எதை அனுப்பினாலும் வாப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். படிவம் என்றால் தூதரகத்துக்குப் போய் அதிகாரிக்கு முன்னால்தான் கையெழுத்து வைக்க வேணும், உறுதியில் இருக்கிற மாதிரி முழுப் பெயரும் எழுது, பாதியில் சுருக்காதே. கூரியரில் போட்டால் நாலைந்து நாளில் வருமாம், முப்பதாம் திகதியை மறந்துவிடாதே. வெயிலுக்குள் தலையில் எண்ணெய் வைக்காமல் திரியாதே, கருவாட்டைப் பொரிக்கும்போது யன்னலைத் திறந்து வை, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வரப்போகிறார்கள்.

உன் வயிறும் மனதும் குளிர, மருமகனின் தொழிலில் பரக்கத் உண்டாக, நீங்கள் இருவரும் சீக்கிரம் ஒரு பிள்ளையோடு இந்த வாசலில் வந்து இறங்க அல்லாஹ் நாடுவானாக, அந்த வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தாலும் சரி. வாப்பாவின் ஸலாமும் இதோடு வருகிறது, அவருக்குத் தெரியாமல்.

இப்படிக்கு,
உன் வீட்டில் உன் தயவில் குடியிருக்கும் உன் உம்மா
சுல்பிகா முத்தலிப்