அதே கையால் ஊசி போட வேண்டி

அனுப்புநர்:
டயாலிசிஸ் பிரிவு, ஜன்னலோரக் கட்டில் நோயாளியின் மனைவி,
காஜா (பொத்தான் துளை) எடுப்பவர், ஆயத்த ஆடைத் தையல் கூடம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றப்பட்ட செவிலியரை மீண்டும் என் கணவருக்கு ஊசி போட அனுமதிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று நாள் தங்களிடம் வருகிறார். இடது கையில் ஆபரேஷன் செய்து இணைத்த இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் வைத்த குழாயில் சீழ் பிடித்தது. மிச்சம் இருப்பது வலது கையில் செய்த இணைப்பு மட்டும்.

2. அந்தக் கைக்கு ஒரே செவிலியர்தான் ஊசி போட்டுவந்தார். அதே துளை, அதே சாய்வு, போடுகிற கையும் மாறக்கூடாது என்று தங்கள் மருத்துவரே சொன்னார். ஒருத்தி எடுத்த காஜாவில் இன்னொருத்தி கை வைத்தால் நூல் பிரிந்துவிடும். எனவே எனக்கு அது உடனே புரிந்தது.

3. டயாலிசிஸ் நாட்களில் என் கணவர் முகச்சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். கல்யாண வீட்டுக்குக்கூட அப்படிக் கிளம்பாதவர். நான் கண்டும் காணாமல் இருந்தேன். ஒருநாள் அந்தச் செவிலியரே வெளி பெஞ்சுக்கு வந்து, "அக்கா, எனக்கு அவர் மேல பிரியம் வந்துடுச்சு. தப்பா எதுவும் நடக்கல. உங்ககிட்ட மறைக்க முடியல" என்றார். கணவரைக் கேட்டேன். "ஆமா" என்றார். எனக்கு வலித்தது. பிறகு மருந்துச் சீட்டோடு வரிசையில் போய் நின்றேன், அன்றைக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

4. இதைத் தங்களிடம் புகாராக எழுதிக் கொடுத்தவர் என் நாத்தனார். "அண்ணி, நீங்க வாயில்லாப்பூச்சி. உங்களுக்காகத்தான் எழுதினேன்" என்கிறார். அவர் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. மாறுதலுக்குப் பிறகு ஆளுக்கொரு நாள் ஊசி போடுகிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. கை முழங்கை வரை நீலம் பாரித்திருக்கிறது. போன முறை இரத்தம் நிற்காமல் என் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். இந்த இணைப்பும் கெட்டால் வேறு வழி தேடுவது கடினம் என்கிறார் மருத்துவர்.

6. இப்போது என் கணவர் டயாலிசிஸுக்கு வரவே மறுக்கிறார். "எதுக்கு? விடு" என்கிறார். கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். கை வலிக்குப் பயந்தா, அந்தப் பெண் இல்லாததாலா என்று கேட்டேன். "தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. அதைப் பிரித்துப் பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

7. கோபமே வரவில்லையா என்று நாத்தனார் கேட்கிறார். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. எனக்கு அவர் உயிரோடு வேண்டும். யாரை நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. தடுப்பூசிப் பிரிவுக்குப் போய் அந்தச் செவிலியரைக் கேட்டேன். "வேண்டாம் அக்கா. ஊர் என்னைச் சும்மா விடாது" என்றார். கையைப் பற்றி விவரம் சொன்னேன். எந்த விரல் மரத்துப்போகிறது என்று கேட்டார். பிறகு, "மேலிடம் சொன்னா வர்றேன்" என்றார்.

9. அந்தச் செவிலியரும் என் கணவரும் தனித்திருக்கக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பதே தடை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கென ஒரு ஊழியரை ஒதுக்க ஆளில்லை என்றும் சொன்னார்கள். ஐயா, நான் இருக்கிறேன். எப்படியும் அவரைக் கூட்டி வருபவள் நான்தான். ஊசி ஏறும்வரை கட்டிலருகே நிற்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். கையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளுக்குள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: டயாலிசிஸ் பிரிவு, வெளி பெஞ்சு
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
நோயாளியின் மனைவி