முந்தின நாள் பூக்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மூன்றாவது மாடியில் பதினாறு அறை காலி. வேலைக்காரப் பெண்களில் இரண்டு பேர் லீவு. சூப்பர்வைசர் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு நானே கட்டில் கட்டிலாக விரிப்பு மாற்றினேன். இடுப்பு கழன்று விழாத குறை.

வீட்டுக்கு வந்தால் சம்பந்தி அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல மனுஷிதான். "எங்களுக்கு ஆடம்பரமெல்லாம் வேண்டாங்க. சிம்பிளா, ஆனா ஸ்டைலா இருந்தாப் போதும்" என்றார்கள். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். (இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகப்போகிறது. எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.) நானும் பல்லைக் காட்டி வைத்தேன். ஹோட்டலில் பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் கல்யாணத்தைப் பின்வாசல் வழியாகப் பார்த்து வருகிறேன். ஆடம்பரமென்றால் அங்கே இங்கே கையைச் சுருக்கலாம். சிம்பிள் ஸ்டைல் என்றால்தான் அள்ளிக் கொட்ட வேண்டும். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அவர்கள் போனதும் பாப்பா போனில் ஒரு படம் காட்டினாள். வெள்ளைப் பூ, வெள்ளைப் பூ, வெள்ளைப் பூ. கூரையிலிருந்து சாம்பல் நிறத் துணி தொங்குகிறது. கண்ணாடிக் குடுவைக்குள் குட்டிக் குட்டி விளக்கு. "ஒரே ஒரு நாள்மா. அவங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நாம கொறஞ்சவங்களாத் தெரியக் கூடாது" என்றாள்.

அவள் இதுவரை எதையும் கேட்டு அடம் பிடித்ததில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

ஹோட்டலுக்கு வழக்கமாக அலங்காரம் செய்கிறவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நன்றாகப் பார்த்தார். அவர் சொன்ன தொகை, சாப்பாடு உட்பட மொத்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் வைத்திருப்பது. மேடைக்கு மட்டும்.

"தெரிஞ்சவங்கன்னுதான் கொறைச்சுச் சொல்றேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 11, புதன்

பாப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

லாண்டரி அக்காதான் வழி சொன்னாள். மேசை விரிப்புகளை எண்ணிக்கொண்டே, "சனிக்கிழமை சாயங்காலம் நடக்குற கல்யாணத்தோட அலங்காரத்த ஞாயித்துக்கிழமைதானே பிரிக்கிறான்? பூவெல்லாம் நேரா குப்பைக்குத்தானே போவுது?" என்றாள்.

அப்படியே நின்றுவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அந்தப் பூவைக் குப்பையில் போடச் சொல்கிறவளே நான்தான். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

மார்ச் 28 சனிக்கிழமை மாலை ஒரு பெரிய கல்யாணம் பதிவாகியிருக்கிறது. ஞாயிறு மதியம் வரை கல்யாணக் கூடம் சும்மாதான் கிடக்கும். பாப்பா கல்யாணத்தை அந்தக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம். அலங்காரக்காரரிடம் போனேன். பிரிப்பதை மதியத்துக்குத் தள்ளிவைத்தால் ஆட்களுக்கு அரை நாள் கூலி மட்டும் கொடுத்தால் போதும் என்றார். "அவங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றேன். "அவங்க ஒரு நாளைக்குத்தான் காசு குடுத்திருக்காங்க. மறுநாளு அது யாரு பூவும்மா?" என்றார். மேனேஜரும் ஊழியர் சலுகையில் கூடத்தைத் தருகிறேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குள்ள நம்ம கல்யாணத்த நுழைச்சிட்டியே. மாப்பிள்ளையையும் அங்கேயே பாத்திருக்கலாம்" என்றார். சிரித்து எத்தனை நாளாயிற்று! பாப்பாவிடம் சலுகை விலையில் கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, சனி

அந்தப் பெரிய கல்யாணத்துக்காரர்கள் கூடம் பார்க்க வந்தார்கள். சிவப்பும் தங்கமும் கேட்டுவிட்டால் என் கதி? தூண் பக்கத்தில் தூசி தட்டுவதுபோல நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா, ஒல்லியான மனுஷி, மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் வெள்ளையில் கை வைத்தார்கள். வெள்ளை! அலங்காரக்காரர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

கல்யாணப் பெண் மட்டும் ஜன்னலோரமாகவே நின்றாள். புத்தகத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு என்னிடம் டாய்லெட் எங்கே என்று கேட்டுப் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. யார் வீட்டுப் பெண்ணோ. நமக்கெதற்கு.

மார்ச் 19, வியாழன்

ரிசப்ஷனில் இருக்கிற பெண் சொல்கிறாள், அந்தக் கல்யாணம் தள்ளிப்போகலாமாம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபமாம்.

அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. சம்பந்தி அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம், "எங்க மருமக வீட்டுல என்ன டேஸ்டுங்கிறீங்க" என்று பெருமையடிக்கிறார்களாம். இப்போது போய், கூடம் இருக்கிறது, பூ மட்டும் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? வெறும் சுவரும் பிளாஸ்டிக் நாற்காலியும். பாப்பா அழ மாட்டாள். பரவாயில்லைம்மா என்பாள். அதைக் கேட்க என்னால் ஆகாது.

மார்ச் 20, வெள்ளி

தேதி மாற்றமில்லை என்று மதியம் போன் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தேன், அந்தக் கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று. என் மகள் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி வேண்டிக்கொள்ளவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

மார்ச் 28, சனி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நடக்கவே இல்லை என்று நானே நம்பிவிடுவேன்.

காலை பத்து மணி. 312-ல் துவாலை கேட்டார்கள். ஆள் இல்லாததால் நானே கொண்டுபோனேன். அந்தக் கல்யாணப் பெண். தனியாக. குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். துவாலையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் இருக்கீங்களா?"

கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் தடம். நீலமாக. அந்த மாப்பிள்ளை முறுக்கினானாம், போன வாரம். போனை எடுக்க லேட்டாகிவிட்டதாம். "எனக்கு வேணாங்க்கா இந்தக் கல்யாணம். பயமா இருக்கு. நீங்க பக்கத்துல நின்னாப் போதும், நான் வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். தனியாச் சொல்லத்தான் முடியல."

அவ்வளவுதான் கேட்டாள். பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

ஜன்னலுக்குக் கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம். அலங்காரக்காரர் கத்துகிறார், பூவை வெயிலில் வைக்காதீர்கள் என்று. எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இவ இப்ப வெளிய போய்ச் சொன்னா வண்டி அப்படியே திரும்பிடும். நாளைக்குப் பத்து மணிக்கு என் பொண்ணு வெறும் சுவத்துக்கு முன்னாடி நிக்கணும். அதுதான் ஓடுச்சு மனசுல. வேற ஒண்ணுமே ஓடல.

சொன்னேன். "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகச் சரியாயிடும். எழுந்து மூஞ்சிய கழுவு."

இப்படித்தான் சொன்னேன். புதுத் துவாலையை வேறு கையில் கொடுத்தேன். அவள் "சரிங்க்கா" என்றாள். சரிங்க்கா என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

என்ன பண்ணிட்டேன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கே. என்ன பொம்பள நான்?

மார்ச் 29, ஞாயிறு

விடிந்ததும் போய்ப் பூவுக்குத் தண்ணீர் தெளித்தேன். ஓரம் பழுத்ததையெல்லாம் கிள்ளி எடுத்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. யார் வாயிலும் ஒரு குறை இல்லை. சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிங்க இவ்வளவு அழகாப் பண்ணினீங்க?" என்றார்கள். பாப்பா அந்தத் துணிக்கடியில் நின்று மேலே பார்த்தாளே ஒரு பார்வை, அதற்காகத்தான் எல்லாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முன்னால், காலை ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணும் அவனும் அறையைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். முழுக்கை உடை. என் மகளின் விருந்தாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்த அதே வாசல் வழியாகத்தான் போனாள். நான் விரிப்பு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மகள் கல்யாணத்தன்று, பெற்ற தாய், ஒளிந்துகொண்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

போட்டோ வந்துவிட்டது. பாப்பா கொண்டுவந்து காட்டினாள். முகத்தில் களை வந்திருக்கிறது. மாப்பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம். "ஏம்மா, நீ ஒரு போட்டோலகூட சிரிக்கல?" என்றாள். கால்வலி என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

312 பக்கம் போக வேண்டி வந்தால் வேறு யாரையாவது அனுப்புகிறேன்.

ஏப்ரல் 15, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேலி எதுவும் செய்யாமல் கேட்டார். பிறகு, "நீ வேற மாதிரி சொல்லியிருந்தாலும் அந்தக் கல்யாணம் நடந்துதான் இருக்கும். விடு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார். நடந்திருக்கலாம். ஆனால் நான் பக்கத்தில் நின்றிருப்பேன் இல்லையா? அதைக்கூட நான் செய்யவில்லையே.

ரிசப்ஷன் பதிவேட்டில் அந்தப் பெண்ணுடைய அம்மாவின் நம்பர் இருக்கிறது. எழுதிக்கொண்டேன். எடுத்துப் பார்க்கிறேன், மடித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

போன் செய்தேன்.

ஹோட்டலிலிருந்து பேசுகிறேன் என்றதும், ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பதறினார்கள். இல்லையென்று சொல்லி, மணிக்கட்டைச் சொன்னேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன், எல்லாம். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றார்கள். "அதுக்கு முந்தின நாளு. நானும் அதையேதான் சொன்னேன்."

பிறகு அழுதார்கள். வீட்டுக்காரர் உயிரோடு இல்லையாம். பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறார்களாம். யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று இருந்த இடத்தை விற்று அந்தக் கல்யாணத்தைச் செய்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வந்தாயிற்று, பூவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இனி எப்படி நிறுத்துவது என்றுதான் அவர்களுக்கும் ஓடியிருக்கிறது. நான் பெரிய இடம் என்று நினைத்த இடம்!

வியாழக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறார்களாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வாங்க என்றார்கள்.

ஏப்ரல் 23, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ் நிலையத்தில் அந்த அம்மா காத்திருந்தார்கள்.

இரண்டாவது மாடி. அவன் வேலைக்குப் போயிருந்தான். நாத்தனார் மட்டும் இருந்தாள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவள் அசையவே இல்லை. அந்தப் பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாதியாகியிருந்தாள். "நல்லா இருக்கேம்மா" என்றாள். மறுபடி கேட்டாலும் அதே வார்த்தை, அதே குரல். வேறு வழியில்லாமல் எழுந்தோம். வழியனுப்புகிற சாக்கில் படிக்கட்டு வரை வந்தாள்.

அங்கே சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. உனக்காகச் சொல்லல. மறுநாள் என் பொண்ணு கல்யாணத்துக்கு அந்தப் பூ வேணும்னு சொன்னேன்."

என்னையே பார்த்தாள். "எந்தப் பூ?" என்றாள்.

நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. அவள் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. அந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "பை ஒண்ணும் எடுக்க வேணாம். செருப்ப மட்டும் மாட்டிக்கிட்டு வா."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள நாத்தனார் இருக்காங்க" என்றாள்.

"நான் கதவுகிட்ட நிக்கிறேன்" என்றேன்.

போய் நின்றேன். நாத்தனார் எழுந்து வந்து எங்கே என்று கேட்டாள். எங்க கூட வர்றா என்றேன். அவள் ஏதேதோ சொன்னாள், போனை எடுத்தாள். நான் நகரவில்லை. இரண்டு நிமிஷம்கூட இருக்காது, அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

திரும்பும்போது மூன்று டிக்கெட் எடுத்தேன். அவள் தன் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. என் பக்கத்திலும் உட்காரவில்லை. முன்னால் தனி சீட்டில் உட்கார்ந்து, இறங்குகிற வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.