அழிப்பதற்கு முன் நீ கேட்ட அவகாசம்

இன்று காலை பழுதான ஒரு லேப்டாப்பைத் திறந்தேன். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் நீக்கவா என்று திரை கேட்டது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கேள்வியெல்லாம் ஏது? நம்மிடம் இருந்த ரெகவரி சிடியைப் போட்டால் கேட்காமலேயே துடைத்துவிடும்.

செகந்திராபாத் பக்கத்து ஜீடிமெட்லாவில், மருந்துத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பெண்கள் நாம் இருவர்தான். அன்று மாத்திரை பேக்கிங் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. வாசலில் சரக்கேற்ற லாரி காத்து நின்றது. நம்மைப் போலவே மேனேஜரும் தமிழர்தான், சிடியைக் கொண்டுவந்து உடனே போடச் சொன்னார். போட்டால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் ஒவ்வொரு வகை மாத்திரைக்கும் ஆபரேட்டர்கள் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த அளவுகள் போய்விடும். மெஷின் செய்த கம்பெனியையோ மூடிவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

மறுக்கத் துணியாமல் சிடியை வாங்க நான் கை நீட்டினேன். நீ கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றாய். பதற்றத்தில் உனக்குச் செகந்திராபாத் பேச்சுதான் வரும், 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகிவிடும்.

"இப்ப அழிக்கிறது நக்கோ சார். முதல்ல உள்ள இருக்கிறதை எடுத்துடறேன்."

தாமதமானால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"நான்தான் சார்."

கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினாய். தனி இயங்குதளம் ஒன்றை நீயே அதில் ஏற்றி வைத்திருந்தாய். அதைக்கொண்டு கம்ப்யூட்டரைக் கிளப்பி, அளவுகளையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தாய். திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிடியைப் போட விட்டாய். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ அளவுகளைத் திரும்ப ஏற்றியதும், சாயங்காலம் மெஷின் ஓடியது. முதல் மாத்திரை அட்டையைத் தடவிப் பார்த்த ஆபரேட்டர், பழைய மாதிரியே இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். மறுநாள் மேனேஜர் எல்லாப் பிரிவுகளுக்கும் சொல்லி அனுப்பினார்: உன்னைக் கேட்காமல் எந்தக் கம்ப்யூட்டரையும் யாரும் அழிக்கக்கூடாது. கேண்டீனில் அதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது நான்தான். நீ வெட்கப்பட்டாய்.

நோய் உன்னைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமை. அவசரம் என்று யாராவது வந்து நிற்காத வாரமில்லை. கொஞ்சம் பொறுங்கள், பொறுப்பு என்னுடையது என்கிறேன். என் குரல் நடுங்குவதில்லை.