நல்லா தூங்குறா

மார்ச் 4

ஆஸ்பத்திரியில் செக்கப். நர்ஸ் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "சாப்பாடு இறங்குதா, தூக்கம் வருதா?" என்று என்னைத்தான் கேட்டாள். பதில் சொன்னது அவர். "நல்லா தூங்குறா சிஸ்டர். அடிச்சுப் போட்ட மாதிரி." நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவர் புரண்டு பார்க்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர், அவருக்கும் தூக்கம் கெட்டால் ஆகுமா?

மார்ச் 9

அம்மா போனில்: "உனக்கென்னடி குறை? தாங்கு தாங்குன்னு தாங்குற புருஷன். சந்தோஷமா இரு, வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

சரிம்மா. குறை ஒன்றும் இல்லைதான். இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது அழுதிருப்பேன்.

மார்ச் 12

குழந்தை உதைத்தது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. அவர் வயிற்றில் காதை வைத்து, "போக்கிரி, போக்கிரி" என்று கொஞ்சினார்.

சே, நானெல்லாம் ஒரு தாயா?

மார்ச் 17

நான் வேலை செய்யும் தையல் கடையில் மானம் போயிற்று. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருக்கிறேன். துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி முகத்தோடு முகம் மடித்துப் போடாமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும். தையல் பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு.

கடை நடத்தும் அக்காவை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கத்தப்போகிறாள் என்று நின்றேன். கத்தவில்லை. இரண்டு துண்டையும் தூக்கிப் பிடித்து, "யாருடி இவன், சோத்துக்கையே கிடையாதா இவனுக்கு?" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. நிற்கவே இல்லை.

மார்ச் 18

மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நூல்கண்டு எடுக்க மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவரருகே நின்றுவிடுவதை. கீழே பார்ப்பதை. போதும், எல்லாம் போதும் என்று தோன்றுவதை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இனிமே மாடிப் பக்கம் நீ போகவே கூடாது. வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"எப்படிக்கா சொல்றது? உடைஞ்சு போயிடுவாரு."

"அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரி. நானும் வரேன்."

மார்ச் 19

அவரிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லியிருந்தேன். தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். உள்ளே கூப்பிட்டதும் கூடவே எழுந்தார். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி வழியை மறித்தாள்.

"தம்பி, உங்களுக்கு ஒரு சட்டை தைக்கணும்னு ரொம்ப நாளா எண்ணம். கையைத் தூக்குங்க."

"இங்கயாக்கா?"

"எனக்கு வேற எப்ப நேரம் கிடைக்கும்? அசையாதீங்க."

அவர் நடைபாதையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நர்ஸ் வழக்கம்போலப் பட்டையை எடுத்தாள். "தூக்கம் வருதா?"

"வரல சிஸ்டர். எனக்கு வாழவே பிடிக்கல."

பட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தப்பு இல்லம்மா. மாசமா இருக்கும்போது நிறைய பேருக்கு வருது. வைத்தியம் இருக்கு." மனநல டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டும் என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன். கதவைத் திறந்து நானே அவரை உள்ளே கூப்பிட்டேன்.

மார்ச் 27

மாத்திரை. டாக்டரம்மாவோடு பேச்சு. திரும்பவும் மாத்திரை. ஒன்றும் மாறிவிடவில்லை. அவர் என்னைத் தனியே விடுவதில்லை, அதிகம் பேசுவதும் இல்லை.

ஏப்ரல் 2

குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டினேன். திறந்தார். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"பக்கத்துலயே படுத்திருந்தேனே. நல்லா தூங்குறான்னு ஊரெல்லாம் சொன்னேனே..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழாயை மூடினேன். சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, ஈரத்தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பவும் பயமா இருக்குங்க" என்றேன்.

எப்போதும் "ஒண்ணும் ஆகாது, சும்மா இரு" என்பார். இன்று அப்படிச் சொல்லவில்லை.

"எனக்குந்தான்" என்றார்.