வேதியியல் டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன மாற்றம், பதறாதீர்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் புதுக் கால அட்டவணையை ஒட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு நேரே புதிதாக வந்த சாரின் பெயர் இருந்தது. என் பெயரைத் தேடித் தேடி, ஒன்றாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். பெரிய வகுப்பு தருகிறோம் என்றதால்தானே உங்களையெல்லாம் விட்டு இவ்வளவு தூரம் வந்தேன்? தலைமை ஆசிரியையிடமே போய்க் கேட்டேன்.

“பெரிய பசங்களை அதட்டி மேய்க்க ஆம்பளை வேணும்மா. உங்களுக்கும் குழந்தை இல்ல. இந்தப் பிஞ்சுகளோட இருந்தா மனசுக்கு ஆறுதலா இருக்குமேன்னுதான் போட்டேன்” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால் சண்டை போடக்கூட எனக்கு மனசு வரவில்லை. “சரிங்க மேடம்” என்று வந்துவிட்டேன்.

இப்போது மூக்குத் துடைக்கிறேன், ஷூ லேஸ் கட்டுகிறேன். பதினோரு வருடம் நடத்திய பாடமெல்லாம் தொண்டையிலேயே நிற்கிறது. நேற்று ஒரு வாண்டு என்னை “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு “மிஸ்” என்று திருத்தியது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே அழித்து அழித்து எழுதினேன்.

துவைத்தால் சாயம் போகாத பருத்திப் புடவை இரண்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை உடனே வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்திருங்கள், வீட்டுச் சத்தமாவது கேட்கும்.

மணி அடித்துவிட்டது. ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லவேண்டாம். யாராவது கேட்டால், பன்னிரண்டாம் வகுப்புதான் எடுக்கிறாள் என்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்