படம் இல்லாத நாட்கள்

என் பிரியமான மச்சான் சேவியருக்கு,

நீ நூலேணியிலிருந்து விழுந்து செத்த அதே துறைமுக நிலக்கரித் தளத்தில்தான் நான் இன்னும் சர்வேயர். ஆனால் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்க இப்போது யாரும் படகில் இறங்குவதில்லை. ட்ரோன் பறந்து படம் எடுக்கிறது, மெஷின் அளவைச் சொல்கிறது. அதை வைத்துத்தான் சரக்கின் எடை. கையெழுத்து மட்டும் என்னுடையது. தப்பு வந்தால் மாட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

அந்த மெஷினுக்குப் பாடம் எது தெரியுமா? நீ படகில் இறங்கி எடுத்த கப்பல் அளவுப் படங்கள். உயிரோடு இருந்தபோது உனக்கு உருப்படியாக ஒரு லைஃப் ஜாக்கெட் தராத கம்பெனி, செத்த பிறகு உன் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது.

உன் தங்கச்சி மேரி கேட்கிறாள், "அன்னைக்கே இந்த ட்ரோன் இருந்திருந்தா எங்கண்ணன் உசுரோட இருந்திருக்கும்லா. நீங்க என்னத்துக்கு அதுகூட மல்லுக்கு நிக்கிய?" அவள் சொல்வது உண்மைதானே.

நேற்று நல்ல காற்று. கப்பலடியில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மெஷின் தயங்காமல் ஓர் அளவைச் சொன்னது. எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். மேனேஜர் சிரித்தார்.

"சேவியர் அண்ணாச்சி படத்தைப் பாத்துப் படிச்சது வே அது. அவரைவிட நீரு பெரிய ஆளோ?"

உன்னை வைத்தே என் வாயை அடைக்கிறான், பார்த்தாயா!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் இப்படி ஆடினால் நீ கேமராவை எடுக்கவே மாட்டாய். "இன்னைக்குச் சொல்ல முடியாதுலே" என்று மேலே ஏறி வந்துவிடுவாய். அந்த நாட்களுக்குப் படம் ஏது? படம் இல்லாததை மெஷின் எங்கே போய்ப் படிக்கும்?

கடைசி நாள் மட்டும் நீ அதைச் சொல்லவில்லை. ஆபீசில் அவசரப்படுத்தினார்கள், இறங்கிவிட்டாய். ஏலே, அன்றைக்கு மட்டும் உன் வாய்க்கு என்ன வந்தது?

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் "இன்று சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை அநேகமாகப் போய்விடும். மேரியிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்கண்ணனும் அன்னைக்கு இப்படி எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்லா" என்றாள்.

இனி யார் அவசரப்படுத்தினாலும் சரி, தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். சொல்லிவிட்டு உன் தங்கச்சியிடம் வீடு திரும்புவேன்.

உன் தங்கச்சி மாப்பிள்ளை,
அந்தோணி