பயறு டப்பாவில் ஒரு குளவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நீங்கள் அனுப்பிய பயறில், வண்டுகளுக்கு நடுவே, எள்ளில் பாதி அளவில் ஒரு குளவி செத்துக் கிடந்தது. என் வேலைதான் தெரியுமே: பூச்சியின் ஒரு காலை மட்டும் அரைத்து, அதன் டிஎன்ஏவைக் கணினியில் ஒப்பிட்டால் இனம் தெரியும். உடலைப் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டுப் பூச்சிதானே என்று முழுவதையும் அரைத்துவிட்டேன். அது எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. புதிய இனமாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

"உடம்பு எங்கம்மா?" என்றார் பேராசிரியர்.

"அரைச்சுட்டேன் சார்."

"மிளகாயா அரைச்சே? ஆளே இல்லாம ஜாதகத்தை மட்டும் நீட்டுறியே, யாரு நம்புவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதக் கடைசிக்குள் இன்னொரு குளவியைக் காட்டாவிட்டால், பொய்யாக எழுதினேன் என்று வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள்.

அதே பயறு நம் வீட்டு டப்பாவில் இருக்கும். அம்மா அதை வெயிலில் காயவைக்க வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். வண்டு இருந்தால் இருக்கட்டும். குளவி அதைத் தேடித்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் பாருங்கள் அப்பா. கிடைத்தால் நசுக்காமல் மருந்துச் சீசாவில் போட்டு அனுப்புங்கள். விலாசத்தை நீங்களே எழுதுங்கள். போன முறை கடைக்காரர் எழுதியிருந்தார்; உங்கள் கையெழுத்தைப் பார்க்க ஆசை.

இரவாகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டப்போகிறார்கள். பயறு தீர்ந்துபோயிருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகள்